மரை வேட்டைக்கு ஒரு சிறிய பைனாகுலர்: விக்டோரியாக் காடுகளில் பார்த்துத் தெரிந்துகொண்டவை

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மரை என்ற பெரிய மானை வேட்டையாடும்போது பைனாகுலரின் வேலை பெரும்பாலும் 150 மீட்டருக்குள் முடிந்துவிடும். புதியவர்கள் கடைக்குப் போய் 10, 12 என்று பெருக்கத்தைக் கேட்டு வாங்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்கள் மனதில் இருப்பது திறந்த புல்வெளி. போகப்போவதோ மக்காலிஸ்டர், ஹௌக்குவா, டார்கோ ஆறுகளின் இருபக்கமும் செங்குத்தாக ஏறும் காடு. அங்கே கண்ணுக்கும் மிருகத்துக்கும் நடுவில் தூரத்தைவிட இலைதான் தடை. வெளிச்சம் இரண்டாவது தடை. இந்த இரண்டையும் எது நன்றாகச் சமாளிக்கிறதோ அதுதான் நல்ல பைனாகுலர் என்பது என் முடிவு. நண்பர்களிடம் இரவல் வாங்கியும், கடைகளில் எடுத்துப் பார்த்தும், சொந்தமாக வாங்கியும் பல சிறிய பைனாகுலர்களைக் காட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

மெல்பேர்ணுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே சாம்பார் என்று சொல்லும் மான் நம்முடைய மரையேதான். 1860களில் குடியேறிகள் வேட்டைக்காக இலங்கை உட்பட ஆசிய நாடுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்ட கூட்டத்தின் வழிவந்தவை. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் பயணிகளுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும் அதே இனம், இங்கே மனித வாடை பட்ட மறுகணம் மறைந்துவிடுகிறது. இலங்கையில் அதை வேட்டையாடுவது குற்றம். இங்கே அது வெளியிலிருந்து வந்து சுதேசத் தாவரங்களுக்குக் கேடு செய்யும் மிருகம். துவக்கு லைசன்ஸும், வேட்டை லைசன்ஸும் உள்ளவர் அரச காடுகளில் அனுமதியுள்ள இடங்களில் வருடம் முழுவதும் நடந்து தேடலாம். நேரக் கட்டுப்பாடு உண்டு: சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை. அந்த இரண்டு அரை மணிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் தேர்வு முழுவதும் அவற்றைச் சுற்றித்தான் போகிறது, ஏனென்றால் மரை வெளியே வந்து மேய்வதும் அந்த நேரத்தில்தான்.

எனக்கு இதைப் பழக்கியவர் முல்லைத்தீவுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது டண்டினொங்கில் இருக்கும் அண்ணை ஒருவர். முதல் நாள் காட்டுக்குள் வைத்து அவர் சொன்னது: "தம்பி, முழு மரையைத் தேடாத. அது முழுசாத் தெரிஞ்சா உன்னை ஏற்கெனவே கண்டிட்டுது எண்டு அர்த்தம். காட்டில எல்லாம் நெட்டுக்குத்தாத்தான் நிக்கும். படுக்கையாய்ப் போற கோடு ஒண்டு கண்டா அதில நில்லு."

அந்தப் படுக்கைக் கோடு முதுகாக இருக்கலாம். அல்லது விழுந்து கிடக்கும் மரம். 2019–20 காட்டுத்தீக்குப் பிறகு கிப்ஸ்லாண்ட் பக்கம் கரி பிடித்த கட்டைகள் எங்கும் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் மங்கலில் மரை மாதிரிதான் தெரியும். தீக்குப் பின் முளைத்த வாட்டில் கன்றுகள் ஆளுயரத்துக்கும் மேலே நெருக்கமாக வளர்ந்து நிற்கின்றன. இதற்குள் நாம் தேடுவது துண்டு துண்டான அடையாளங்களை: வட்டமான பெரிய காதின் வெளிறிய உட்புறம், காலின் உட்பக்கத்து வெளிர்நிறம், ஈர மூக்கின் மினுக்கம், ஒரு கொம்பின் நுனி. அதே மண்ணிறத்தில், கங்காரு குடும்பத்துச் சிறிய மிருகமான கரும் வலபி ஒன்று பன்னத்துக்குள் குந்தியிருக்கும். அதன் தோள்பகுதி மட்டும் தெரிந்தால் வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது.

இங்கேதான் பைனாகுலரின் ஒரு குணம் பெரிய உதவியாகிறது. ஃபோகஸ் சக்கரத்தை மெல்லத் திருப்பும்போது முன்னால் உள்ள இலைக் கூட்டம் கலங்கி, கிட்டத்தட்ட கரைந்துபோகும். அதற்குப் பின்னால் உள்ள அடுக்கு துலங்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அடுத்த அடுக்கு. திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது போல ஒரே புதருக்குள் மூன்று, நான்கு ஆழங்களில் பார்க்கலாம். வெறுங்கண்ணுக்கு இது கைவராது. முப்பது மீட்டர் தூரத்துப் புதரையும் நான் பைனாகுலரால் பார்ப்பது இதனால்தான். பக்கத்தில் இருப்பதை ஏன் பெருக்கிப் பார்க்கிறாய் என்று கேட்டவர்கள், ஒருமுறை செய்து பார்த்த பிறகு கேட்பதில்லை.

இதற்கு ஃபோகஸ் சக்கரம் சரியாக இருக்க வேண்டும். தொட்டதும் ஓடிவிடும் சக்கரத்தில் அடுக்குகளைத் தாண்டிப் போய்விடுவோம். சுற்றிச் சுற்றியும் நகராத சக்கரத்தில், மரை நடந்துவிடும். குளிரில் சக்கரத்தின் உள்ளே உள்ள கிரீஸ் இறுகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கடையின் ஹீட்டர் வெப்பத்தில் பட்டுப்போலச் சுழன்ற ஒரு சக்கரம், யூலை மாதத்துப் பனிக்காலையில் கையுறை விரலுக்கு அசைய மறுத்ததை நான் அனுபவித்திருக்கிறேன். இரவல் பைனாகுலர் என்பதால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த மாதிரியை வாங்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்து சொல்லப்போவது வாங்கும் ஆலோசனையைவிட முக்கியமானது. துவக்கின்மேல் பூட்டியிருக்கும், குறிபார்க்கும் ஸ்கோப்பால் எதையும் தேடக் கூடாது. அடையாளம் தெரியாத ஒன்றை ஸ்கோப்பால் பார்ப்பதென்றால் குழாயை அதன்மேல் நீட்டுகிறோம் என்று அர்த்தம். ஹௌக்குவா ஆற்றோரம் ஒரு மாலை, எதிர்க் கரையின் பிளாக்பெரிப் புதருக்குள் மண்ணிறமாக ஒன்று அசைந்தது. உயரம் சரியாக இருந்தது, நிறம் சரியாக இருந்தது, தலை குனிந்து நிமிர்வதும் மேய்வது போலவே இருந்தது. துவக்கு தோளில் கிடக்க, நெஞ்சில் இருந்த பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். மண்ணிற மழைச்சட்டை போட்ட ஒருவர், ட்ரௌட் மீனுக்குத் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் அங்கே இருந்ததே தெரியாது. சட்டப்படியும் மனசாட்சிப்படியும் இலக்கை முழுவதும் அடையாளம் கண்ட பிறகுதான் துவக்கு தோளைவிட்டு இறங்க வேண்டும். அது கஷ்டமில்லாமல் நடக்க வேண்டுமென்றால் பைனாகுலர் எப்போதும் நெஞ்சில், ஒரு கையால் எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். பாரமான பைனாகுலர் முதுகுப்பைக்குள் போய்விடும். பைக்குள் போனால் அதை யாரும் எடுப்பதில்லை, ஸ்கோப்பைத்தான் தூக்குவார்கள். சிறிய பைனாகுலருக்காக நான் வாதாடுவதன் முழுக் காரணமும் இதுதான். ஆரஞ்சுநிறத் தொப்பியோ மேற்சட்டையோ விக்டோரியாவில் கட்டாயமில்லை. ஆனாலும் நான் போடாமல் போவதில்லை.

சரி, எவ்வளவு சிறியது?

பைனாகுலரின்மேல் எழுதியிருக்கும் 8×32 என்பதில் 8 பெருக்கம், 32 முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கி வைத்தால், கண் வைக்கும் பக்கத்தில் சின்ன வெள்ளை வட்டமாக அதை நேரிலேயே பார்க்கலாம். 8×32க்கு அது 4 மி.மீ. 10×25க்கு 2.5 மி.மீ. 8×42க்கு ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. நடுப்பகலில் நம் கண்மணியே இரண்டு, மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கி இருப்பதால், மூன்றும் ஒரேயளவு வெளிச்சமாகத் தெரியும். கடையில் எல்லாமே நன்றாக இருப்பதன் இரகசியம் இது. மாலை மங்கும்போது கண்மணி விரிகிறது. இளவயதில் முழு இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்து, ஐம்பதுகளில் பலருக்கு 5 மி.மீ. பக்கம் வந்து நிற்கும். அப்போது 2.5 மி.மீ. ஒளிவட்டம் கண்ணுக்குப் போதாது. 4 மி.மீ. வட்டத்தின் பரப்பளவு 2.5 மி.மீ. வட்டத்தின் பரப்பைப்போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். படத்தின் வெளிச்சமும் அதே விகிதத்தில் வித்தியாசப்படும்.

விளம்பரத்தாள்களில் அந்தி எண் என்று ஒன்று போடுவார்கள். பெருக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுப்பது. அதன்படி 8×32க்கு 16, 10×25க்கு 15.8. இரண்டும் ஒன்றுதான் என்று அந்தக் கணக்கு சொல்லும். அஸ்தமனத்துக்குப் பின்னான கடைசி அரை மணியில் இரண்டையும் மாறி மாறிக் கண்ணில் வைத்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த மூன்று வகைகளைச் சொல்கிறேன். முதலாவது, சட்டைப்பைக்குள் போகும் 8×25, 10×25 வகை. நல்ல நிறுவனங்களின் பொக்கெட் மாதிரிகள் 300 கிராமுக்கு அக்கம்பக்கம்தான். ஸைஸ் விக்டரி பொக்கெட் 8×25 வெறும் 290 கிராம். அதன் பகல்நேரப் படத்தைக் கண்டு நான் அசந்துபோனேன். ஆனால் ஒளிவட்டம் சிறியதால் கண்ணைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் படத்தின் ஓரம் கறுக்கிறது. இரண்டு இடத்தில் மடியும் வகையென்றால் ஒவ்வொரு முறையும் விரித்து, கண்ணகலத்துக்குச் சரிசெய்ய வேண்டும். மூச்சு வாங்க ஏறி நிற்கும்போது அந்த சில விநாடிகளில் மரை "ஹோங்க்" என்று ஒருதரம் கத்திவிட்டுப் போய்விடும். மலையேற்றத்துக்கும் பறவை பார்ப்பதற்கும் அருமையான பொருள் இது. அந்திநேர வேட்டைக்கு என் கையில் அது சரிவரவில்லை.

இரண்டாவது 8×30, 8×32. நிறை 450 முதல் 600 கிராம் வரை. நிக்கன் எம்7 8×30 என்ற மாதிரி 465 கிராம். பார்வை அகலம் 8.3 பாகை, அதாவது 1000 மீட்டரில் 145 மீட்டர். காட்டுக்குள் அகலமான பார்வையின் அருமை தனி. கண்ட இடத்தை நோக்கி பைனாகுலரைத் தூக்கியதும் அந்த இடமே உள்ளே இருக்கும். குறுகிய பார்வையில், எந்த மரத்துக்குப் பக்கத்தில் கண்டேன் என்று தேடவேண்டி வரும்.

மூன்றாவது 10×42. எங்களோடு வரும், 60 வயதைத் தாண்டிய அவுஸ்திரேலிய நண்பர் அதைத்தான் கொண்டுவருவார். பெரும்பாலும் 700 கிராமுக்கு அக்கம்பக்கம். வெளிச்சத்தில் குறைசொல்ல முடியாது; ஒளிவட்டம் 4.2 மி.மீ. எதிர் மலைச்சரிவை உட்கார்ந்து அலசுவதற்கு அதுதான் ராசா. நடந்து தேடும்போது அது கழுத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். செங்குத்தில் ஏறி நின்று பார்த்தால், இதயத் துடிப்பே படத்தில் தெரியும். எட்டு மடங்கில் அந்த நடுக்கம் குறைவு; இலை அடுக்குகளில் குவியும் ஆழமும் கொஞ்சம் அதிகம். நண்பர் தன் 10×42ஐ விடமாட்டார். அவர் நடப்பதைவிட உட்கார்வதை விரும்புகிறவர், அவருக்கு அது சரி.

என் தேர்வு 8×32. அந்த அளவுக்குக் கீழே போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசத்தைப் பற்றிச் சுருக்கமாக. நேர்க்குழாய் போலத் தெரியும் பைனாகுலர்களில் கூரைப் பிரிசம். தோள் அகன்ற பழைய வடிவத்தில் போரோ பிரிசம். ஒரே விலையில் மலிவு வகையை ஒப்பிட்டால் போரோவின் படம் பெரும்பாலும் துலக்கமாக இருக்கும், ஏனென்றால் கூரைப் பிரிசத்தைச் சரியாகச் செய்யச் செலவு அதிகம். கூரைப் பிரிசத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேரும்போது அலைகள் ஒத்துவராமல் கூர்மை குறைகிறது. அதைச் சரிசெய்யும் கட்டப் பூச்சை (phase coating) ஸைஸ் 1988இல் கொண்டுவந்தது. இன்று நடுத்தர விலையிலேயே அது கிடைக்கிறது. பெட்டியில் கட்டப் பூச்சு, பிரிசத்துக்கு மின்கடவாப் பூச்சு (dielectric), எல்லாக் கண்ணாடிகளுக்கும் பல அடுக்குப் பூச்சு (fully multi-coated) ஆகிய மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "பூச்சுள்ள கண்ணாடி" என்று மொட்டையாக எழுதியிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் மட்டும் பூசியிருப்பார்கள். நைதரசன் நிரப்பி நீர்புகாதபடி மூடியதாக இருப்பது இந்த மலைகளில் கட்டாயம். சிறிய போரோக்களில் பல அப்படி மூடப்பட்டவை அல்ல என்பதால்தான் அவற்றை நான் தவிர்க்கிறேன்.

கடைக்குப் போவதென்றால் மாலையில் போங்கள். குளிர்காலத்தில் ஐந்து மணியளவில் மெல்பேர்ணில் இருட்டத் தொடங்கிவிடும், கடை திறந்திருக்கும். வாசலில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். வெளிச்சமான பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பயனில்லை. நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடியில் உள்ள நிழலைப் பாருங்கள். வேலியோரப் புதரின் உட்பக்கத்தைப் பாருங்கள். எந்த பைனாகுலரில் அந்த நிழலுக்குள் கல்லும் சருகும் தனித்தனியாகத் தெரிகிறதோ, அதைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு தெருவிளக்கு ஒன்று பார்வையின் ஓரத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி வைத்து, அதன் கீழே உள்ள இருட்டைப் பாருங்கள். படம் முழுவதும் பால் ஊற்றியதாக வெளுத்தால், காலைச் சூரியன் எதிரே இருக்கும் சரிவில் அது கைவிடும். சூரியனை நேரே பார்த்துச் சோதிக்கவே கூடாது, கண் போய்விடும்.

அதே வாசலில் இன்னொன்று. எதிர்க் கட்டடத்தின் கூரை விளிம்பைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் தூரம் பின்னுக்கு எடுங்கள். இரண்டு வட்டங்களிலும் கூரைக்கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் இரண்டு குழாய்களும் ஒத்துப் பார்க்கவில்லை. கண் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும், ஆனால் அரை மணியில் தலையிடி வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் புதுப் பெட்டியிலிருந்து எடுத்த பைனாகுலரிலேயே இந்தக் குறை இருந்தது. தலையிடியைக் குளிரின் தலையில் போட்டுக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதும் அதைப் பாவித்தார். கூரைக்கோட்டுச் சோதனையைச் செய்து காட்டிய பிறகு, கடை மாற்றிக் கொடுத்தது.

ஒளிவட்டத்தையும் பாருங்கள்: முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் மலிவான பிகே-7 கண்ணாடிப் பிரிசமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாக்-4 என்ற கண்ணாடிப் பிரிசத்தில் வட்டம் ஓரம்வரை நிறைந்திருக்கும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், நானும் போடுகிறவன். பைனாகுலரிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண்ணை வைத்து முழுப் படத்தையும் பார்க்கலாம் என்பதைக் கண் தூரம் என்று குறிப்பிட்டிருப்பார்கள். 15 மி.மீ. இருந்தால்தான் மூக்குக்கண்ணாடியோடு பார்க்கலாம். 16, 17 இருந்தால் நிம்மதி. ஆனால் தாளில் உள்ள எண்ணை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் கண்கிண்ணத்துக்குள் கண்ணாடி எவ்வளவு உள்ளே புதைந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. கண்கிண்ணத்தை முழுவதும் உள்ளே திருகிவிட்டு, மூக்குக்கண்ணாடியோடு பார்த்து, படத்தின் கறுப்பு விளிம்பு சுற்றிவரத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அகலப் பார்வைக்குக் கொடுத்த காசு வீண்.

வாங்கி வந்த பின் வீட்டுச் சோதனை. கறுப்புக் கபில நிறப் பழைய கம்பளி ஒன்றை, வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவின் மரக்கூட்டத்தில் 60 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, அதன்மேல் கை அகல வெளிர்ச் சீலைத்துண்டு ஒன்றைக் குத்தினோம். அதுதான் எங்கள் மரையின் காது. சூரியன் மறைந்ததிலிருந்து ஒவ்வொரு பைனாகுலராக மாற்றி மாற்றிப் பார்த்தோம். 25 மி.மீ. வகையில் சீலைத்துண்டு கம்பளியோடு கலந்துவிட்ட பிறகும் 32 மி.மீ. வகையில் நல்ல நேரம் தனியாகத் தெரிந்தது. 42 மி.மீ. வகைக்கும் 32க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் சட்டம் அனுமதிக்கும் அரை மணியின் கடைசி நிமிடங்களில்தான் வந்தது. அண்ணைக்கு, அவருடைய வயதுக் கண்ணுக்கு, அந்த வித்தியாசமும் தெரியவில்லை. உங்கள் கண்ணை வைத்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மூடுதிறனைப் பார்க்க ஒரு வழி: பைனாகுலரை காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் சில மணிநேரம் வைத்துவிட்டு வெளியே எடுங்கள். வெளிக்கண்ணாடியில் பனி படியும்; அது இயல்பு, சில நிமிடங்களில் போய்விடும். உள்ளே பனி படிந்தால், அதைத் துடைக்க யாராலும் முடியாது. உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிப்பனிதான் காட்டில் அன்றாடத் தொல்லை. குளிர்ந்த கண்ணாடியைச் சூடான முகத்துக்குக் கிட்டக் கொண்டுவருவதால், கண்பக்கக் கண்ணாடி மூடிக்கொள்கிறது. நாங்கள் செய்வது: பார்ப்பதற்கு முன் மூச்சை வெளியே விட்டுவிட்டு, உள்ளே இழுத்தபடி பைனாகுலரைத் தூக்குவது, புருவ எலும்பில் கிண்ணத்தின் மேல்விளிம்பை மட்டும் ஊன்றி, கீழே காற்றுப்போக இடம் விடுவது. கழுத்துச் சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டால் மூச்சு நேரே மேலே, கண்ணாடிக்கே போகும். குளிர்ந்தாலும் மூக்கை வெளியே வையுங்கள். இரவில் பைனாகுலரை ஹீட்டர் ஓடும் காருக்குள்ளோ அடுப்புக் கூடாரத்துக்குள்ளோ வைக்காமல், வெளிக்குளிர் இருக்கும் இடத்திலேயே பைக்குள் வைக்கிறோம். விடியற்காலையில் சூடும் குளிரும் மாறி மாறிப் படாமல் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

கழுத்துப் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, முதுகில் குறுக்காகப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். நிறை தோள்களுக்குப் போகும். குனிந்து பன்னத்துக்குள் நுழையும்போது பைனாகுலர் முன்னால் ஆடாது. நெஞ்சுப்பை வகையென்றால் வெல்க்ரோ மூடி உள்ளதை எடுக்காதீர்கள். அமைதியான பள்ளத்தாக்கில் அந்தக் கிழியும் சத்தம் மரைக்கு நாம் வந்திருக்கிறோம் என்று அறிவிப்புக் கொடுப்பதற்குச் சமம். முன்கண்ணாடியில் தொங்கும் ரப்பர் மூடிகளும் கொக்கியில் தட்டும். நான் அவற்றைக் கழற்றிவிட்டு, கண்பக்க மழைமூடியை மட்டும் ஒருபக்கம் கட்டி வைத்திருக்கிறேன். ஹார்னஸ் வாரையும் நடக்க முதல் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். எது சத்தம் போடுகிறதோ அதற்குத் துணி நாடா சுற்றுங்கள்.

காட்டில் பார்க்கும் முறை பற்றி இன்னும் கொஞ்சம். குளிர்காலக் காலையில் மரை வெயில் காயும் சரிவு வடக்குப் பார்த்தது. நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது பழக எடுக்கும். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. ஆகவே உறைபனி விழுந்த காலையில் நாங்கள் எதிரே உள்ள, தெற்குப் பார்த்த சரிவில் நிழலுக்குள் உட்கார்ந்து, வெயில் படும் வடக்குப் பார்த்த சரிவைப் பார்ப்போம். முதுகை மரத்தில் சாய்த்து, முழங்கையை முழங்காலில் ஊன்றினால், 8×32 கல் மாதிரி நிற்கும். முதலில் வெயிலும் நிழலும் சந்திக்கும் விளிம்பு. பிறகு பன்னத் திட்டுகளின் மேல்பக்கம். பிறகு ஒரு பார்வை வட்டத்துக்குள் உள்ளதை முழுவதும் பார்த்துவிட்டு, அதில் பாதி மேல்படும்படி அடுத்த வட்டம். படத்தை அசைத்தபடி பார்த்தால் கண் எதையும் பிடிக்காது. நிறுத்தி, அந்த வட்டத்துக்குள் கண்ணை மட்டும் நகர்த்த வேண்டும். ஒருமுறை பார்த்து முடித்த சரிவை மறுபடியும் முதலிலிருந்து பாருங்கள். படுத்திருந்த மரை காதை அசைக்கும்வரை அது அங்கே இல்லை என்றே நினைத்திருப்போம்.

நடக்கும்போது முறை வேறு. நடக்கத் தொடங்கும் முன் ஃபோகஸை 60 மீட்டர் அளவில் வைத்துவிடுகிறேன். திடீரென்று ஏதாவது தெரிந்தால் சக்கரத்தைக் கால்வாசி திருப்பினால் போதும். டயொப்டர் வளையம், அதாவது இரு கண்களின் வித்தியாசத்தைச் சரிசெய்வது, பூட்டில்லாத வகையென்றால் பையில் உரசி நகர்ந்துவிடும். சரியான இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டேன். விடியுமுன் தடவிப் பார்த்துக்கூடச் சரிசெய்யலாம்.

துடைப்பதில் ஒரேயொரு விதி: முதலில் தூசியை ஊதி அல்லது தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும், பிறகுதான் துணி. காட்டுத்தீ எரிந்த இடங்களில் சாம்பலும் கரித்தூளும் கண்ணாடியில் படியும். அதைச் சட்டை நுனியால் தேய்த்தால் பூச்சு கீறுபடும். கீறல் பகலில் தெரியாது. எதிர் வெயிலில் வெள்ளை மூட்டமாகத் தெரியும்.

விலைக்கு வருவோம். 100, 150 டொலர் வகையில் மூடுதிறனோ ஃபோகஸோ ஏதாவது ஒன்று பழுதாக இருந்ததைத்தான் நான் கண்டிருக்கிறேன். 500 டொலரை ஒட்டி வரும்போது 8×32இல் நல்ல தெரிவுகள் இருக்கின்றன. அதற்கு மேலே இரண்டாயிரம், மூவாயிரம் என்று போனால் ஓரக்கூர்மையும் எதிர் வெயில் தாங்குதலும் இன்னும் கூடும். அவற்றை எடுத்துப் பார்த்திருக்கிறேன், அருமையான கண்ணாடிகள். ஆனால் 25 மி.மீ. அளவில் அவ்வளவு காசு கொடுப்பதைவிட, 32 மி.மீ. அளவில் நடுத்தர விலை கொடுப்பதே அந்திக்கு நல்லது என்பேன். துவக்கிலும் ஸ்கோப்பிலும் முழுக் காசையும் இறக்கிவிட்டு, மிச்சத்துக்கு ஒரு பைனாகுலர் என்று வருகிறவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது, ஸ்கோப்பில் ஒரு படி கீழே இறங்குங்கள் என்பதுதான். ஸ்கோப்பைப் பார்ப்பது சுடுவதற்கு முந்திய சில விநாடிகள். பைனாகுலரை நாள் முழுவதும் பார்க்கிறீர்கள்.

அண்ணையின் மகள் இந்த வருடம் லைசன்ஸ் எடுக்கிறாள். அவளுக்கு முகம் சிறியது. கண்மணிகளுக்கு நடுவிலான தூரம் குறைவு. பல பைனாகுலர்கள் 56 மி.மீ.க்குக் கீழே மடியாது. அப்படிப்பட்டதை வைத்தால் அவளுக்கு இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேராது. ஒற்றைக்கண்ணால் பார்ப்பது மாதிரித்தான் இருக்கும். அதைவிடக் குறைவாக மடியும் 8×32 மாதிரிகள் இரண்டைத் தாளில் பார்த்து வைத்திருக்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, இருட்டும் நேரமாகப் பார்த்து, அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறோம்.